ஐம்பது குதிரையைக் கட்டித் தீனி போட முடியுமா?

எங்க பக்கம் டிராக்டர் வாங்கப் போறவன்கிட்ட ஊர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை எச்பி?" ரெண்டாவது கேள்வி, "என்ன கம்பெனி?" மூணாவது, "எந்தக் கலரு?" எத்தனை ஏக்கர் வச்சிருக்கே, என்ன போட்டிருக்கே, வரப்புப் பாதை எத்தனை அடின்னு கேட்கிற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. கடைக்காரர் கேட்கமாட்டார், அது அவர் தொழில். மாமன் மச்சானும் கேட்கமாட்டாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன்மலை அடிவாரத்தில் நாலு ஏக்கர் வாங்கிப் போட்ட நண்பர்களும் போன் போட்டு இதையேதான் கேட்கிறார்கள். "அண்ணே, நடுத்தரமா ஒண்ணு எடுக்கட்டுமா, இல்ல பெருசாவே எடுத்துடட்டுமா? எடுக்கிறதுதான் எடுக்கிறோம்…" இந்த "எடுக்கிறதுதான் எடுக்கிறோம்" என்கிற நாலு எழுத்து வியாதிக்குத்தான் இன்றைக்கு மருந்து எழுதுகிறேன். கசக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் முன்னூறு நாள் இருக்கிற வேலைக்குத் தகுந்த வண்டியைச் சொந்தமாக வாங்கு. வருஷத்தில் அஞ்சு நாள் வருகிற பெரிய வேலைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அந்த அஞ்சு நாளுக்காக ஐம்பது குதிரையை வாங்கிக் கட்டிவிட்டு, மிச்ச நாளெல்லாம் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நிலத்திலிருந்து ஆரம்பிப்போம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ஏறக்குறைய 1.85 ஏக்கர். பத்து வருஷம் முன்னால் 2005-06ல் அது 0.83 ஹெக்டேராக இருந்தது. அப்பன் நிலம் பிள்ளைகளுக்குப் பிரியப் பிரிய நிலம் சிறுத்துக்கொண்டே போகிறது. வண்டி மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. எங்க பக்கம் காணிக் கணக்கு. ஒரு காணி என்றால் 1.33 ஏக்கர். "ஒன்றரைக் காணி வச்சிருக்கேன்" என்று சொல்கிறவர் வாசலில் 47 எச்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரைக் காணியும் ஒரே இடத்தில் இருக்காது. ஏரிக்குக் கீழே கொஞ்சம் கழனி, மேட்டில் கொஞ்சம் கொல்லை, நடுவில் பங்காளி வரப்பு.

எச்பி கணக்கில் நான் நடுத்தரம் என்று சொல்வது 24லிருந்து 30 வரை. அதற்குக் கீழே பவர் டில்லர், அதற்கு மேலே 45, 50. கடைகளில் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று ஐம்பதை ஒட்டியே வண்டிகள் குவிந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதற்கு மேலே போனால் எஞ்சின் வேறு, விலை வேறு. அதனால் கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி நிற்கின்றன. இது அவர்கள் கணக்கு. உன் மரவள்ளிக் கொல்லைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் காதில் விழுகிற வசனம் என்ன? "வரி குறைஞ்சுடுச்சு தம்பி, அந்தக் காசுல ஒரு சைஸ் பெருசா எடுத்துக்க." மிச்சமான காசைச் சட்டைப்பையில் போடு என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். வார்த்தையை நம்பாதவர்கள் பேனா எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு காணி நிலம், அதாவது எட்டு ஏக்கர். நானும் என் தம்பியும் சேர்ந்து செய்கிற அளவு அது. பெரிய வண்டி கலப்பை, பதிவு எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம் என்று வையுங்கள். நடுத்தர நாலு சக்கர இழுவை வண்டி ஆறு லட்சம். ரெண்டுக்கும் கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட்டால் கடன் ஏழு லட்சம், நாலரை லட்சம். வட்டி 12 சதவீதம், அஞ்சு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. பெரியதற்குத் தவணை சுமார் 95,000. நடுத்தரத்துக்குச் சுமார் 61,000. வருஷத்துக்கு ரெண்டு தவணை. வித்தியாசம் 68,000 ரூபாய்.

இந்த 68,000க்கு என்ன கிடைக்கிறது? நேரம். ஒன்பது கொத்துக் கலப்பை போட்ட பெரிய வண்டி ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் ஓட்டும். அஞ்சு கொத்து போட்ட என் வண்டி ரெண்டு மணி நேரம் எடுக்கும். எட்டு ஏக்கருக்கு ஒரு சால் ஓட்ட எட்டு மணி நேரம் மிச்சம். வருஷத்துக்கு நாலு சால் ஓட்டினால் 32 மணி நேரம் மிச்சம். 68,000ஐ 32ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 2,125 ரூபாய். அதே பெரிய வண்டியை டிரைவரோடு, டீசலோடு மணிக்கு 1,200 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்து, நாலு சாலையும் அவனையே ஓட்டச் சொன்னால்கூட மொத்தம் 38,400 ரூபாய்தான். அரசு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகையில் கிடைத்தால் இன்னும் குறைவு. உன் வீட்டு வாசலில் நிற்கிறது என்கிற சந்தோஷத்துக்கு மிச்சத்தைக் கட்டுகிறாய்.

இன்னொரு பக்கம் இருக்கு. எட்டு ஏக்கரை நாலு சால் ஓட்ட பெரிய வண்டிக்கு வேலை 32 மணி நேரம். இன்னும் கொஞ்சம் வேலை சேர்த்து நூறு மணி என்றே வை. ஒரு டிராக்டர் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓடும் என்றுதான் அதன் ஆயுளையும் தேய்மானத்தையும் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். மிச்ச 900 மணி நேரம் அது என்ன செய்யும்? வெயிலில் நிற்கும், அல்லது திருவிழாவுக்குச் சாமி இழுக்கும்.

"அப்ப நடுத்தர வண்டிக்கு மட்டும் வேலை எங்கிருந்து வருது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயிருக்கு நடுவில் இருந்து வருகிறது.

பெரிய வண்டி பயிர் வைக்கிறதுக்கு முன்னாடியும், எடுத்ததுக்கு அப்புறமும்தான் நிலத்துக்குள் வரும். ஐந்தரை, ஆறு அடி அகலம். மரவள்ளிக்கு வரிசை மூணு அடி. கரும்பை அகலப் பாரில் நட்டால் அஞ்சு அடி. பெரிய வண்டி அங்கே போனால் அறுவடையே நடந்துவிடும். ஒடுக்கமான 24 எச்பி வண்டியின் சக்கரங்களை மூணடிக்குப் பொருத்திக்கொள்ளலாம். மரவள்ளி ஒரு அடி வளர்கிற வரைக்கும் வரிசையைக் காலுக்கு நடுவில் விட்டு களை ஓட்டலாம். கரும்பில் பாருக்கு நடுவில் இறங்கி மண் அணைக்கலாம். மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்கலாம். எரு ஏத்தலாம். களைக்கு ஆள் கிடைக்காத ஊரில் இதுதான் உண்மையான மிச்சம். உழவில் மிச்சமாகிற மணி நேரத்தைவிட களைக்கூலியில் மிச்சமாகிற பணம் பெரிது. ஷோரூமில் எச்பி பேசுகிற யாரும் வரிசை அகலம் பேசுவதில்லை.

அடுத்தது மண். பெரிய வண்டி கலப்பை இல்லாமலே இரண்டு டன்னை நெருங்கும். ஒடுக்கமான 24 எச்பி வண்டிகளில் முக்கால் டன்னுக்குள் நிற்பவையும் உண்டு. ஈரம் காயாத கொல்லையில் இரண்டு டன் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் கீழ்மண் இறுகும். வருஷா வருஷம் அதே ஆழத்தில் ரோட்டாவேட்டர் ஓட்டினால் மேலே மாவு, கீழே சிமெண்டுத் தரை. கிழங்குப் பயிர் வைக்கிற ஊர் நாம். கிழங்கு கீழே போக இடமில்லாமல் பக்கத்தில் வளைந்தால் எடையும் குறையும், பிடுங்கும்போது உடையவும் செய்யும். அந்தக் கடினத் தட்டை உடைக்க ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதுக்குப் பெரிய வண்டி கண்டிப்பா வேணும். ஆமாம், வேணும். மூணு வருஷத்துக்கு ஒருநாள். வாடகைக்கு.

இப்போது மலைக்கு ஏறுவோம். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் கதையே வேறு. வெள்ளிமலை சுற்றுவட்டாரத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் போடுகிற நிலம் பலதும் சரிவு. அங்கே எச்பி முக்கியமில்லை. நாலு சக்கரமும் இழுக்குதா என்பதுதான் முக்கியம். ரெண்டு சக்கர இழுவையில் 48 எச்பி இருந்தாலும், ஈரச் சரிவில் பின்சக்கரம் சுத்திக்கொண்டு நிற்கும். நாலு சக்கர இழுவையில் 24 எச்பி மெதுவாக ஏறிவிடும். இறக்கத்தில் இன்னும் முக்கியம்: கியரில் இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் போகும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. ஒடுக்கமான வண்டி குறுக்குச் சரிவில் சுலபமாகச் சாயும். அதனால் சின்ன வண்டி என்றால் எங்கேயும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் டிராக்டர்கள் பெரும்பாலும் தலைக்கு மேலே பாதுகாப்புக் கூண்டு இல்லாமல்தான் ஓடுகின்றன. நிற்கவே பயமாக இருக்கிற சரிவில் எந்த டிராக்டரும் வேண்டாம். அங்கே இன்னும் மாட்டு ஏர்தான் சரி, இல்லாவிட்டால் கையில் பிடித்துத் தள்ளுகிற பவர் வீடர். மலையில் இருப்பவர்கள் மாடு வைத்திருப்பதைப் பார்த்துப் "பாவம், பின்தங்கிட்டாங்க" என்று உச்சுக்கொட்டுகிற நகரத்து நண்பர்களுக்கு: அது பின்தங்கல் இல்லை, நிலத்துக்கேற்ற வண்டி.

அதே மாதிரி, சின்ன வண்டியில் பெரிய டிரெய்லரை மாட்டி மலையிறக்கத்தில் கிழங்கு ஏற்றிக்கொண்டு வருவது தற்கொலை. டிரெய்லர் வண்டியைத் தள்ளும். நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. முக்கால் டன் வண்டியால் மூணு டன் பாரத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. கிழங்கு மில்லுக்குப் போக லாரி இருக்கு. கொல்லையிலிருந்து ரோட்டு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருவதுதான் சின்ன வண்டியின் வேலை.

இப்போது ஏடிவி கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. நாலு சக்கர பைக் மாதிரி, கொழுத்த டயரோடு, ரிசார்ட்டில் பிள்ளைகள் ஓட்டுமே, அதுதான். பண்ணைக்கு வாங்கலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். போலாரிஸ் கம்பெனி ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற வண்டியை 2020ல் இங்கே டிராக்டர் என்றே பதிவு செய்கிற மாதிரி கொண்டுவந்தது. 567 சிசி, 34 எச்பி, அப்போதே எட்டு லட்சத்தை ஒட்டிய விலை. அவர்களுடைய பெரிய எக்ஸ்பி 1000 வண்டி 90 எச்பி சுமாருக்கு வரும். "570 போதுமா, 1000 வேணுமா?" என்று கேட்ட நண்பருக்கு நான் சொன்ன பதில்: ரெண்டிலும் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் இல்லை, ரோட்டாவேட்டரைச் சுழற்ற பிடிஓ இல்லை, பெட்ரோல் குடிக்கும். அந்த 34 எச்பி வேகத்துக்கான எச்பி, இழுப்புக்கானது இல்லை. என் 24 எச்பி உழும். அந்த 90 உழாது.

அது கெட்ட வண்டி என்று சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் மாடு மேய்க்கிற ஆஸ்திரேலியாக்காரனுக்கு வேலி பார்க்க அது அவசியம். அவனுக்கே அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆள் செத்து, 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கிற புது வண்டிகளில் ஓட்டுகிறவரைக் காக்கும் கம்பி அமைப்பு கட்டாயமாகிவிட்டது. நாலு ஏக்கரைச் சுற்றிப் பார்க்க நமக்குக் கடவுள் ரெண்டு கால் கொடுத்திருக்கிறார். பெட்டி வைத்த ஒரு பழைய டிவிஎஸ் 50 மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் வைக்கணும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

ஒன்று, கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவு ஆலை இருக்கிற ஊர். கரும்பு லோடு இழுக்கிறவனுக்குப் பெரிய வண்டி கட்டாயம். வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாக வைத்து, வருஷத்துக்கு ஆயிரம் மணி ஓட்டுகிற தம்பிகளும் பெரியதே வாங்கட்டும். அவர்களுக்கு அது நிலத்துக்கான வண்டி இல்லை, கடை. ஆனால் ஒரே ஊரில் பதினைந்து பேர் அதே கடையை வைத்தால் யாருக்கு வியாபாரம் நடக்கும்? "வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டிடுவேன்" என்று சொல்கிற ஒவ்வொருவனும், தெருவில் ஏற்கனவே நிற்கிற வண்டிகளை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.

ரெண்டாவது வாதம்தான் உண்மையிலேயே கனமானது. "மழை பெய்ஞ்ச மறுநாள் எல்லாரும் பெரிய வண்டியைக் கூப்பிடுவான். என் முறை வர்றதுக்குள்ள ஈரம் காஞ்சிடும்." மானாவாரிக்காரனுக்கு இது வயிற்றெரிச்சல், எனக்கும் தெரியும். இதற்கு என் பதில், பெரிய வண்டியின் வேலையை மழைக்கு முன்னாடி தள்ளு. சட்டிக்கலப்பை, உளிக்கலப்பை எல்லாம் கோடையில், பெரிய வண்டிகள் சும்மா நிற்கிற மாதங்களில் முடித்துவிடு. பேரம் பேசக்கூட முடியும். முதல் உழவு ஆழமாக முடிந்த நிலத்தில், மழை பெய்த மறுநாள் விதைப்பு உழவுக்கு அஞ்சு கொத்து போதும். அது உன் வாசலில் நிற்கிறது. யார் முறைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ரெண்டு மூணு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இன்னும் கடுமை. நடுத்தரமும் வேண்டாம். எதுவும் வாங்காதீர்கள். வாடகைக்கு ஓட்டுங்கள், களைக்கு ஒரு பவர் வீடர் வாங்குங்கள். அதற்கு 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு, உழவன் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். பங்காளிகள் பேசிக்கொள்கிற நிலையில் இருந்தால் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி. பேசிக்கொள்ளாத நிலையில் இருந்தால் முதலில் பேசுங்கள், அது டிராக்டரைவிடப் பெரிய லாபம். அரசாங்கத்துக்கும் ஒன்று: வாடகை மையங்களில் பெரிய வண்டியோடு ஒடுக்கமான நாலு சக்கர இழுவை வண்டியும் வேண்டும். அது மலை மேலேயே, ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும். கீழேயிருந்து மலையேறி வருகிற டீசலுக்கே வாடகை போய்விட்டால் யார் கூப்பிடுவான்?

இவ்வளவு கோபப்படுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது, பிடித்த வண்டியை வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டிராக்டர் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்கள் அடித்து இழுத்துப்போன வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. வாங்கிய கடன் தொகையைவிட அதிகமாகவே அவர் கட்டியிருந்தார் என்று அப்போது செய்தி வந்தது. அவர் எந்த வண்டி வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடித்தது அநியாயம், அதில் பேச்சே இல்லை. ஆனால் தவணை என்பது மழையைப் பார்த்து வராது, கிழங்கு விலையைப் பார்த்து வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதி பார்த்து வரும். சேகோ மில்லில் விலை விழுந்த வருஷம் 61,000 புரட்டுவதற்கும் 95,000 புரட்டுவதற்கும் நடுவில் இருப்பது 34,000 ரூபாய் மட்டுமில்லை. பொண்டாட்டி கழுத்துச் சங்கிலி வீட்டில் இருக்குமா, அடகுக்கடையில் இருக்குமா என்பது.

பெரிய வண்டி கௌரவம் என்கிறார்கள். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வாசலைப் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். வாசலில் நிற்கிறது வங்கியின் வண்டியா, உன் வண்டியா என்று ஆர்சி புத்தகத்தில் எழுதியிருக்கும். அதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே நண்பர்களே, ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். வண்டிப்பாதையின் மிக ஒடுக்கமான இடத்தை அளங்கள். வாய்க்கால் பாலத்தின் அகலத்தை அளங்கள். பயிர் வரிசையை அளங்கள். தலைமாட்டில் வண்டி திரும்ப எத்தனை அடி இருக்கு என்று பாருங்கள். அப்புறம் போன வருஷம் எந்த வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஷோரூமுக்குள் போங்கள். கடைக்காரர் எச்பி பேச ஆரம்பித்தால், நீங்கள் அடிக்கணக்குப் பேசுங்கள்.